பந்திங்கில் வாங்கிய ஸ்டீரியோ நுண்ணோக்கி: நத்தைக்கும் கடற்பாசிக்கும் எந்த அளவுக்கு உதவும்?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங் பட்டணத்தில் பள்ளிக்கூடச் சாமான்களோடு சிறு ஆய்வுக்கூடக் கருவிகளையும் விற்கும் கடை ஒன்றில், நானூறு ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவான விலையில் கிடைக்கும் இருகண் ஸ்டீரியோ நுண்ணோக்கியைப் பற்றியது இந்த மதிப்புரை. சொல்லும்படியான நிறுவன முத்திரை எதுவும் அதன் மேல் இல்லை. ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் சீனத் தயாரிப்பு வகையைச் சேர்ந்தது என்பதால், வேறு பட்டணங்களிலும் இதே உடலமைப்போடு வேறு பெயரில் இதைப் பார்க்கலாம். நல்ல தண்ணீர் நத்தைகளையும் கரையோரக் கடற்பாசிகளையும் வீட்டிலிருந்தே முறையாக ஆராய விரும்புகிறவருக்கு இது ஏற்றதா என்ற ஒரே கோணத்தில் இதை மதிப்பிடுகிறேன். கண்ணாடி நன்றாக இருக்கிறது, விளக்கு மோசமாக இருக்கிறது, ஆனாலும் இந்த விலைக்கு இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இந்த வட்டாரத்தில் கிடைக்காது என்பது என் முடிவு.

தோட்ட மருத்துவமனையில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) பணியாற்றியவன் என்பதால் நுண்ணோக்கி எனக்குப் புதிதன்று. மலேரியாக் கிருமியைத் தேடி இரத்தப் பூச்சுகளைப் பார்த்த காலத்தில், எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் வில்லை இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் அந்தப் பழக்கமே நத்தை ஆராய்ச்சிக்கு வரும்போது தடையாகிவிடும். கடைக்காரர்களும் இணைய வணிகர்களும் "1200 மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டுப் பிள்ளைகளுக்கு விற்கும் கூட்டு நுண்ணோக்கிகள் எல்லாம், ஒளி ஊடுருவிச் செல்லும்படி மெல்லியதாகச் சீவிய பொருளுக்காக அமைந்தவை. பெரிதாக்கும் அளவு கூடக் கூட வில்லைக்கும் பொருளுக்கும் நடுவே இடமே விடாத அந்தக் கருவியின் கீழே உயிருள்ள நத்தையை எங்கே வைப்பது? வைத்தாலும் பிம்பம் தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரியும். ஊசியால் இடப்பக்கம் தள்ளினால் பொருள் வலப்பக்கம் ஓடும்.

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை உண்டு. இரண்டு பாதைகளும் சற்றே சாய்ந்த கோணத்தில் பொருளை நோக்குவதால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது; உள்ளே இருக்கும் பட்டகங்கள் பிம்பத்தை நிமிர்த்திவிடுகின்றன. ஹொரேஷியோ கிரீனோ என்ற அமெரிக்க உயிரியலாளர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த சைஸ் நிறுவனம் 1890களில் இந்த அமைப்பை முதன்முதலில் செய்து கொடுத்தது. உயிரோடு இருக்கும் சிறு உயிர்களை நிமிர்ந்த பிம்பமாகப் பார்த்துக்கொண்டே கையாள வேண்டும் என்பதே அவருடைய தேவை. நான் வாங்கியதும் அதே அமைப்புத்தான். கண்ணருகு வில்லை 10 மடங்கு. பொருளருகு வில்லை 2 மடங்கு, 4 மடங்கு என இரண்டு, திருப்பி மாற்றிக்கொள்ளலாம். ஆக மொத்தம் 20 மடங்கும் 40 மடங்கும் கிடைக்கின்றன. 20இல் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகல வட்டமும் 40இல் அதில் பாதியும் கண்ணுக்குள் அடங்குகின்றன. வில்லைக்குக் கீழே ஐந்து செண்டிமீட்டருக்கு மேல் வெற்றிடம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய பெட்ரித் தட்டையும் இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்து வேலை செய்யலாம். இந்த வெற்றிடத்துக்காகவே பணம் கொடுக்கலாம் என்பேன்.

நத்தைகளிலிருந்து தொடங்குகிறேன். செம்பனைத் தோட்டத்துக் கான்களிலும் (வடிகால்களிலும்), கங்கோங் கீரை படர்ந்த குட்டைகளிலும், லங்காட் ஆற்றோரத் தேக்கங்களிலும் ஒரு சல்லடையைப் போட்டு அள்ளினால் பல வகை நத்தைகள் ஒன்றாக வரும். அவற்றுள் எல்லோருக்கும் தெரிந்தது, மலாய்க்காரர்கள் சிப்புட் கொண்டாங் எமாஸ் என்று சொல்லும் பொமேசியா கனாலிகுலாட்டா. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தையை 1980ஆம் ஆண்டு வாக்கில் உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவெங்கும் பரவி, மலேசியாவில் 1991இல் பூச்சோங் பக்கத்து ஈயக் குட்டைகளில் கண்டறியப்பட்டது. நெல் நாற்றை அடியோடு கத்தரித்துவிடும் என்பதால் தஞ்சோங் காராங், சிக்கிஞ்சான் வட்டார விவசாயிகளுக்கு இது தீராத தலைவலி. நம் பக்கத்து மூத்தவர்கள் ஊரில் வயல் நத்தை என்று சமைத்துச் சாப்பிட்ட பைலா இனத்துக்கும் இதற்கும் மேலோட்டமான ஒற்றுமை உண்டு. ஓட்டின் வாயை அடைக்கும் மூடியைப் பார்த்தால் குழப்பம் தீரும். பைலாவின் மூடி சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாக இருக்கும். பொமேசியாவின் மூடி நகம் போல வளையும். 20 மடங்கில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் மறக்காது.

நீர்மட்டத்துக்கு மேலே தண்டுகளிலும் சிமெண்டுச் சுவர்களிலும் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தும் இந்தக் கருவிக்கு உகந்த பொருளே. பொரியும் நாள் நெருங்க நெருங்க அந்தச் சிவப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகும். அப்போது ஒரு முட்டையின் ஓட்டை ஊசியால் மெதுவாகப் பிளந்தால், உள்ளே முழு உருவம் பெற்ற குஞ்சு நத்தை சுருண்டிருப்பது தெரியும். அந்த முட்டையின் திரவத்தில் நரம்பைத் தாக்கும் நச்சுப் புரதம் உண்டு. அதனால்தான் செந்தீ எறும்பைத் தவிர மற்ற உயிர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது. நத்தைகளைப் பொதுவாகவே வெறுங்கையால் கையாளக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், எலியின் நுரையீரலில் வாழும் ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் என்ற புழு. பொமேசியாவும் ஆப்பிரிக்கப் பெருநத்தையும் அதன் இளம் புழுவைச் சுமக்கக்கூடியவை. வேகாத நத்தையோடு அது மனித உடலுக்குள் போனால் மூளைச் சவ்வழற்சி வரை கொண்டுபோய் விடும்.

ஆனால் இந்த நுண்ணோக்கி தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது பொமேசியாவால் அன்று, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு தட்டை நத்தையால். இண்டோபிளானோர்பிஸ் எக்ஸஸ்டஸ் என்பது அதன் பெயர். சுருள் ஒரே தளத்தில் அமைந்து, பழுப்பாக, பெரிதானாலும் இரண்டரை செண்டிமீட்டருக்கு மேல் போகாத ஓடு. இதன் இரத்தத்தில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால், இளம் நத்தையின் மெல்லிய ஓட்டின் வழியே உடல் சிவப்பாகத் தெரியும். கங்கோங் இலையின் அடிப்பக்கத்தில் கண்ணாடி போன்ற கூழ்ப் பொதியாக முட்டையிடும். அந்த இலையை அப்படியே வெட்டித் தண்ணீரில் மூழ்கவைத்து, கீழ் விளக்கை மட்டும் போட்டு 40 மடங்கில் பார்த்தபோது, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கரு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நுண்ணிய இழைகள் அசைவதால் ஏற்படும் சுழற்சி அது. சில நாள் பொறுத்து அதே பொதியைப் பார்த்தால் சுழற்சி நின்று, சிறு ஓடு தோன்றி, அதன் ஓரத்தில் இதயம் துடிப்பது எண்ணும்படி தெரிகிறது. தண்ணீரைச் சிறிது குளிரவைத்தால் துடிப்பு குறைகிறது. மறுபடி அறை வெப்பத்துக்கு வந்தால் கூடுகிறது. பள்ளி மாணவர் ஒருவர் கைக்கடிகாரமும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு இதை ஒரு முறையான பரிசோதனையாகவே செய்து முடிக்கலாம்.

இந்த நத்தையை நான் கவனிப்பதற்கு அடிப்படை வேறு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தவர்களுக்கும் வயலில் இறங்கியவர்களுக்கும் கணுக்காலில் வரும் அரிப்பு தெரிந்திருக்கும். மாட்டின் இரத்தக் குழாயில் வாழும் சிஸ்டோசோமா ஸ்பிண்டாலே என்ற புழுவின் இளம் பருவமான செர்க்காரியா தவறுதலாக மனிதத் தோலுக்குள் புகுவதால் அந்த அரிப்பு உண்டாகிறது என்பதை, மலாயா வயல்களை ஆராய்ந்த பக்லி என்பவர் 1938இல் வெளியிட்டார். அந்தப் புழுவுக்கு நடுவில் தங்க இடம் கொடுப்பது இந்தத் தட்டை நத்தைதான். மாட்டின் ஈரலைத் துளைக்கும் ஃபேசியோலா ஜைஜாண்டிகா என்ற புழுவுக்கு இடம் கொடுப்பது, வலப்பக்கம் சுழலும் மெல்லிய ஓடு கொண்ட ரேடிக்ஸ் ரூபிஜினோசா. நுனி மேலேயும் வாய் நம்மை நோக்கியும் இருக்கும்படி ஓட்டைப் பிடித்தால் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கொண்டு இடஞ்சுழி, வலஞ்சுழி தீர்மானிக்கப்படுகிறது. குண்டுமணி அளவு ஓட்டில் இதை வெறுங்கண்ணால் முடிவு செய்யப் போனால் கண் ஏமாற்றும், இந்தக் கருவியில் ஏமாற்றுவதில்லை.

செர்க்காரியாவைப் பார்க்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு நத்தையையும் குளோரின் நீங்கிய தெளிந்த தண்ணீர் உள்ள தனித்தனிச் சிறு கண்ணாடிக் குவளையில் விட்டு, காலை வேளையில் இரண்டு மூன்று மணி நேரம் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மாட்டுச் சிஸ்டோசோமாவின் செர்க்காரியா பகல் வெளிச்சத்தில்தான் நத்தையிலிருந்து வெளியேறும். நுண்ணோக்கியோடு வரும் வட்டத் தட்டின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. கறுப்புப் பக்கத்தை மேலே வைத்து, பக்கவாட்டில் ஒரு கைவிளக்கைப் பிடித்தால், 20 மடங்கில் வெண்ணிறத் துகள்கள் துள்ளித் துள்ளி மேலேறி, நின்று, கீழே அமிழ்வதைக் காணலாம். 40இல் வால் இரண்டாகப் பிளந்திருப்பது வரை தெரிகிறது. பிளந்த வால் தெரிந்தால் தோலைத் துளைக்கும் வகையாக இருக்கக்கூடும் என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்த பிறகே கொட்ட வேண்டும். எல்லா நத்தையிலும் இது கிடைத்துவிடாது. பெரும்பாலான குவளைகள் வெறும் தண்ணீராகவே இருக்கும் என்பதை முன்பே அறிந்து உட்கார்வது நல்லது.

மனிதரையே தங்குமிடமாகக் கொள்ளக்கூடிய மலேசியச் சிஸ்டோசோமா ஒன்றும் உண்டு. சிஸ்டோசோமா மலையென்சிஸ் என்று கிரீர், ஓவ்-யாங், யோங் ஆகிய மூவரும் 1988இல் அதற்குப் பெயரிட்டார்கள். காட்டு எலிகளிடமும் பூர்வகுடி மக்களிடமும் கண்டறியப்பட்ட அந்தப் புழுவைச் சுமப்பது ரோபர்ட்சியெல்லா என்ற, சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஓடை நத்தை. பந்திங்கின் கான்களில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு சிறிய நத்தையைச் சுற்றித்தான் ஒரு நோயின் வரலாறே அமைந்திருக்கிறது என்றால், அந்த அளவு ஓட்டின் வரிகளையும் மூடியையும் தெளிவாகக் காட்டும் கருவி விளையாட்டுச் சாமான் அன்று.

நீண்ட கூம்பு ஓடு கொண்ட மெலனாய்டஸ் டியூபர்குலாட்டாவைப் பற்றி ஒரு சொல். ஆண் துணையில்லாமலேயே குஞ்சு ஈனும் இந்த நத்தையில் ஒன்றை மட்டும் புட்டியில் விட்டு வைத்தாலும் நாளடைவில் மணலில் கடுகளவு குஞ்சுகள் ஊரத் தொடங்கும். குஞ்சின் ஓட்டில் எத்தனை சுற்று இருக்கிறது என்பதை 40 மடங்கில் எண்ணிப் பதிவு செய்யலாம். பிறகு ராடுலா என்னும் நாக்கு. இறந்த நத்தையின் வாய்ப்பகுதியை வெட்டி எடுத்து, வீட்டில் துணி வெளுக்கும் குளோரக்ஸ் நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால், தசை கரைந்து ஒரு மெல்லிய நாடா மட்டும் மிஞ்சும். தேங்காய்த் துருவியின் பற்கள் போல வரிசை வரிசையாகப் பல் பதித்த நாடா அது. பொமேசியாவில் ஒரு வரிசைக்கு ஏழு பற்கள். 40 மடங்கில் வரிசைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் ஒவ்வொரு பல்லின் முனை எப்படிப் பிளந்திருக்கிறது என்பதைப் பார்க்க இது போதாது, கூட்டு நுண்ணோக்கி வேண்டும். அடுத்து வரும் கடற்பாசியிலும் இந்த எல்லைதான் மீண்டும் குறுக்கே நிற்கிறது.

பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரை தொலைவில்லை. மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில் பெரிய வற்றின்போதும் ஏற்றத்தின்போதும் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் வேறுபடுவதால், வற்று நேரம் பார்த்துப் போனால் சேற்றுவெளி நெடுந்தூரம் திறந்து கிடக்கும். அலையாத்தி மரங்களின் ஓரத்தில், சிப்பி ஓட்டையோ கல்லையோ பிடித்து வளரும் செம்பழுப்பு இழைக்கொத்து கிராசிலேரியா சாங்கி. மோரிப்பில் வளரும் இந்த இனத்தை மலாயாப் பல்கலைக்கழகத்துக் கடற்பாசி ஆய்வாளர்கள், பேராசிரியர் பாங் சியூ மோய் முதலானோர், நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். மண்டபம், இராமேசுவரம் கரைகளில் கஞ்சிப்பாசி என்று எடுக்கப்படுவதும் இதே பேரினம். கிளை தொடங்கும் இடத்தில் திடீரென்று ஒடுங்கி, பிறகு சற்றுப் பருத்து, நுனியை நோக்கி மெலிவது சாங்கியின் அடையாளம். கையில் பிடித்துப் பார்க்கும்போது ஐயமாக இருக்கும் இந்த ஒடுக்கம் 20 மடங்கில் ஐயமின்றித் தெரிகிறது.

பெண் செடியில் கருவுற்ற பின் தோன்றும் புடைப்புகளைப் பார்ப்பது இன்னும் சுவையானது. சிஸ்டோகார்ப் என்னும் அவை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அரைக்கோளங்கள். வெறுங்கண்ணுக்கு ஏதோ பூச்சி கடித்த வீக்கம் போல் தெரிபவை, இந்தக் கருவியில் உச்சியில் சிறு துளையோடு நிற்கும் மேடுகளாக எழுகின்றன. அந்தத் துளை வழியாகத்தான் வித்துகள் வெளியேறுகின்றன. இங்கேதான் இரு கண்ணால் பார்ப்பதன் பயன் முழுமையாகப் புரிகிறது. தட்டையான படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரிவது இதில் குழியாகத் தெரிகிறது. ஆண் செடி, பெண் செடி, பெண் செடியின் மேலேயே வளரும் சிஸ்டோகார்ப் தலைமுறை, அதன் வித்திலிருந்து எழும் நால்வித்துச் செடி என்று சிவப்புப் பாசியின் வாழ்க்கை பல கட்டங்களாக ஓடுகிறது. நால்வித்துச் செடியின் மேற்பரப்பில் வித்துப் பைகள் நுண்புள்ளிகளாக 40 மடங்கில் மங்கலாகத் தென்படும். அவை நான்காகப் பிளந்திருப்பதைக் காண வேண்டுமானால் சவர அலகால் குறுக்காகச் சீவிக் கூட்டு நுண்ணோக்கியில்தான் வைக்க வேண்டும்.

கிராசிலேரியா போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகார் இல்லாமல் என் பழைய தொழிலே நடந்திருக்காது. 1880களின் தொடக்கத்தில் ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேவுக்கு, கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் இளகிப்போவது பெருந்தொல்லையாக இருந்தது. சமையலில் அகார் பயன்படுத்தும் பழக்கத்தை, ஜாவாவில் வாழ்ந்து வந்தவரிடமிருந்து முன்பே அறிந்திருந்த அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே சொன்ன யோசனையால்தான் ஆய்வுக்கூடத் தட்டுகளில் அகார் ஏறியது. நம் வீட்டுத் தீபாவளி அகார் அகாருக்கும் மருத்துவமனைத் தட்டுக்கும் பொருள் ஒன்றுதான். சபாவின் செம்பூர்ணா கடலில் பெரும் பண்ணைகளாக வளர்க்கப்படும் காப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி வேறு. அதிலிருந்து கிடைப்பது கராஜீனன் என்னும் வேறொரு கூழ்ப்பொருள். உலர்ந்த காப்பாபைகஸை வாங்கி ஊறவைத்தும் பார்த்தேன். பருமனான, வழுவழுப்பான கிளைகளைத் தவிர அதில் இந்தக் கருவிக்குப் பெரிய வேலை இல்லை.

போர்ட்டிக்சன் பக்கம் போனால் பழுப்புப் பாசிகள் கிடைக்கும். வனக் காப்பகமான தஞ்சோங் துவானுக்குள் எதையும் பறிக்காமல், பொதுக் கடற்கரையில் அலை ஒதுக்கியதை மட்டும் எடுத்துக்கொள்வது முறை. விசிறி வடிவப் படினாவின் ஓரம் உட்புறமாகச் சுருண்டிருப்பதையும், அதன் மேல் வளைவு வளைவாக மயிரிழைகள் வரிசை கட்டியிருப்பதையும் 20 மடங்கில் மணிக்கணக்கில் பார்க்கலாம். சுண்ணாம்பு படியும் பழுப்புப் பாசிகள் உலகில் மிகச் சில. அவற்றுள் படினா ஒன்று. வெண்தூள் படிந்த இடத்தில் ஒரு சொட்டு வினிகரை விட்டால் குமிழிகள் பொங்கி எழுவதை வில்லையின் கீழேயே காணலாம். அதே வினிகரை நத்தை ஓட்டில் விட்டாலும் அதே குமிழிதான். நல்ல தண்ணீர் நத்தையையும் கடற்பாசியையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க இதைவிட எளிய தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சிப்பி ஓட்டுக்கும் கடற்பாசிக்கும் இதைவிட ஆழமான உறவு ஒன்றும் உண்டு. பிள்ளைகள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வாங்கித் தின்னும் நோரித் தாளுக்கு மூலமான பாசியின் வித்து கோடைக்காலத்தில் எங்கே போகிறது என்பது ஜப்பானிய மீனவர்களுக்கு நெடுநாள் தெரியாமலே இருந்தது. சிப்பி ஓட்டுக்குள் துளைத்து வாழும் இளஞ்சிவப்பு இழையைத் தனி உயிரினம் என்று கருதி அதற்குத் தனிப் பெயரும் வைத்திருந்தார்கள். அதுவும் நோரிப் பாசியும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள் என்பதை 1949இல் கண்டறிந்து சொன்னவர் கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அதன் பிறகுதான் நோரி வளர்ப்பு நிலைபெற்ற தொழிலாயிற்று. ஜப்பானின் உத்தோ என்ற ஊரில் அவருக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது. கரையில் பொறுக்கிய வெற்று ஓடுகளை நான் இப்போது வீசுவதில்லை. ஓட்டின் உட்புறத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தெரிந்தால் அது ஓட்டைத் துளைத்து வாழும் பாசியா என்று 40 மடங்கில் பார்த்த பிறகே ஒதுக்குகிறேன்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் மேல் விளக்கு. அது அசைக்க முடியாத ஒரே கோணத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், தண்ணீர் ஊற்றிய தட்டை வைத்தால் வெளிச்சம் நீர்ப்பரப்பில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. நத்தையும் பாசியும் ஈரத்திலேயே பார்க்க வேண்டிய பொருள்கள் என்பதால் இந்தக் கருவியின் மேல் விளக்கு இந்த வேலைக்கு ஏறக்குறைய பயனற்றது. மேசை விளக்கையோ கைவிளக்கையோ பக்கவாட்டில் தாழ்வாக வைத்துக்கொள்வதும், பொருள் நீருக்குள் முழுமையாக மூழ்கும்படி பார்த்துக்கொள்வதும் மாற்று வழிகள். கீழ் விளக்கு நடுவில் மட்டும் பளிச்சென்று எரிந்து ஓரங்களை இருட்டில் விடுகிறது. கண்ணாடித் தட்டின் அடியில் படம் நகலெடுக்கும் மெல்லிய தாளை வெட்டி ஒட்டியபின் ஒளி சீரானது.

இரண்டாவது, பொருள் வைக்கும் தட்டைச் சுற்றி இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகச் சிந்தும் நீர் நேராகக் கீழ் விளக்கின் மேல் இறங்கும். உலர்ந்த பூச்சியும் தபால்தலையும் பார்க்கிறவருக்கு இது ஒரு பொருட்டன்று. கடல்நீர் பயன்படுத்துகிறவருக்கு விளக்கின் ஆயுளே இதில் அடங்கியிருக்கிறது. ஓரம் உயர்ந்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாம்பாளம் ஒன்றைத் தட்டின் மேல் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளரே ஒரு ரப்பர் வளையம் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை இது.

மற்றவை சிறியவை. குவியத் திருகு புதிதாக இருக்கும்போது தளர்வாக இருந்து, தலைப்பகுதி தன் எடையால் மெல்லக் கீழிறங்குகிறது. இருபக்கத் திருகுகளையும் எதிரெதிர்த் திசையில் முறுக்கினால் இறுகிவிடும், இதைக் கூடவே வரும் ஒற்றைத் தாள் விளக்கக் குறிப்பு சொல்வதில்லை. 40 மடங்கில் வட்டத்தின் ஓரங்களில் ஊதா நிறக் கசிவு தெரிகிறது, நடுப்பகுதி கூர்மையாக இருக்கிறது. கைப்பேசியைப் பொருத்தும் பிடி இல்லை. கண்ணருகு வில்லையின் மேல் கையாலேயே பிடித்து எடுத்த படங்களில் பாதி மங்கலானவை. நம் ஊர் ஈரத்துக்கு வில்லைக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க, மூடிய பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைப்பது கட்டாயம். கருவியோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை தூசியை மட்டுமே தடுக்கும்.

கடையின் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இருந்த மின்னிணைப்பு இரண்டு முனைச் செருகி. நம் நாட்டுச் சுவருக்கு மூன்று முனை வேண்டும் என்பதை விற்கிறவர் முன்பே சொல்லியிருக்கலாம். அந்த மின்னிணைப்பு விரைவிலேயே பழுதானபோது, உத்தரவாதம் இருந்தும், "ஸ்டோக் இல்லை, அடுத்த வாரம் வாங்க அங்கிள்" என்ற பதிலையே பல வாரங்கள் கேட்டேன். இறுதியில் மாற்றிக் கொடுத்தார்கள், மரியாதையாகவும் நடந்துகொண்டார்கள். ஆனால் அதே அளவு மின்னழுத்தம் உள்ள பொது மின்னிணைப்பைப் பக்கத்து மின்சாதனக் கடையில் வாங்கியிருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

இதே பணத்துக்கு வேறு வழி உண்டா என்று கேட்கிறவர்களுக்கு: கணினியில் செருகும் யுஎஸ்பி நுண்ணோக்கி மலிவானது, படம் எடுக்க வசதியானது, ஆனால் ஒரு கண்ணின் தட்டைப் பார்வைதான், அதன் ஆயிரம் மடங்கு என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். கான் ஓரத்திலும் மோரிப் சேற்றிலும் நின்று வகை பிரிக்க 10 மடங்குக் கைவில்லை ஒன்று போதும், விலையும் அதிகமில்லை. ஆர்வம் நிலைக்குமா என்று தெரியாத பிள்ளைக்கு அதையே முதலில் வாங்கிக் கொடுங்கள். கூட்டு நுண்ணோக்கி ஏற்கெனவே உள்ள பள்ளிக்கு இந்த ஸ்டீரியோ கருவி சரியான துணை. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நத்தைக்கும் பாசிக்கும் நான் இதையே வாங்குவேன்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கடையிலேயே சோதியுங்கள். இந்த விலைக் கருவிகளில் இரண்டு ஒளிப்பாதைகளும் ஒரே புள்ளியில் சேராமல் சற்று விலகியிருப்பது அரிதன்று. அப்படிப்பட்டதில் சிறிது நேரம் பார்த்தாலே தலை வலிக்கும். ஒரு பத்து சென் நாணயத்தை 40 மடங்கில் வைத்து, அதன் ஓர் எழுத்தின் முனையை வட்டத்தின் நடுவே கொண்டுவந்து, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் அந்த முனை நடுவிலேயே நிற்க வேண்டும். நகர்ந்தால் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எனக்குக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் திறந்து காட்டினார்.